6,000 பேசோ, ஒரு பெட்டி: மெக்சிகோவின் நாட்டுப்புறக் கலைப்பொருட்களை எங்கே, எப்படி வாங்கலாம்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கணவரின் வேலைக்காக குவாதலஹாராவுக்கு வந்து இரண்டரை வருடம் ஆகிறது. அடுத்த மாதக் கடைசியில் மதுரைக்கே திரும்புகிறோம். அங்கே புது வீடு தயாராக இருக்கிறது, கூடத்துச் சுவர் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. இந்த ஊர் எங்களுக்கு நிறையச் செய்திருக்கிறது. அதன் கைவேலை கொஞ்சமாவது எங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசை.

ஒதுக்கியிருப்பது 6,000 பேசோ, நம் ஊர்க் கணக்கில் முப்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இடம் ஒரே ஒரு பெட்டி.

போன வாரம் பக்கத்து ஊரான த்லாகெபாகே போனோம். ஒரு கடையில் சுடுமண் சூரியன் 1,800 பேசோ. இரண்டு தெரு தள்ளி நடைபாதையில், என் கண்ணுக்கு அதே மாதிரி இருந்த சூரியன் 120 பேசோ. எது சரியான விலை, எது ஏமாற்று, எதில் கைவேலை இருக்கிறது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. குழம்பிப்போய் வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வந்த புதிதில் ஒரு சந்தையில் பழுப்பு நிறத்தில் பளபளக்கும் மண் தட்டுகள் நான்கு வாங்கினேன். அன்றிலிருந்து அதில்தான் சாப்பிடுகிறோம். அதில் காரீயம் இருக்கலாம் என்று பக்கத்து வீட்டு அம்மா நேற்று சொன்னார். எங்கள் மகளுக்கு ஐந்து வயது. இது உண்மையா?

சுடுமண்

முதலில் தட்டு. இன்று ராத்திரியே அதை எடுத்து வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் மட்பாண்டம் படித்தவன், சூளையோடு பதினைந்து வருடப் பழக்கம். உங்கள் பக்கத்து வீட்டு அம்மா சொன்னது உண்மைதான். இங்கே பரம்பரையாகச் செய்யும் பளபளப்பான சமையல் பாண்டங்களுக்குப் பூசும் மெருகில் காரீய ஆக்ஸைடு சேர்ப்பார்கள். கிரேதா என்று அதற்குப் பெயர். விறகுச் சூளையில் 900 டிகிரிக்குப் பக்கத்தில்தான் சூடு வரும். அந்தச் சூட்டில் மெருகு கண்ணாடி மாதிரி உருகி ஓட வேண்டுமென்றால் காரீயம்தான் சுலபமான வழி. சுட்டெடுத்த பிறகு பாண்டம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எலுமிச்சை, தக்காளி, வினிகர் போன்ற புளிப்பு பட்டால் காரீயம் கரைந்து சாப்பாட்டில் இறங்கும். நம் வீட்டுச் சமையலில் புளி இல்லாத நாள் எது?

குழந்தைகளின் ரத்தத்தில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. குழந்தை மருத்துவரிடம் போய் ரத்தத்தில் காரீய அளவு பார்க்கச் சொல்லுங்கள், சாதாரணப் பரிசோதனைதான். தட்டைக் கொதிக்க வைத்தாலும் வினிகரில் ஊற வைத்தாலும் சரியாகாது. மெருகுக்குள்ளேயே இருப்பதைக் கழுவி எடுக்க முடியாது.

பாட்டி வீட்டு ஈயச்சொம்பில் ரசம் வைக்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். அது வெள்ளீயம். இது காரீயம். பெயரில் ஒற்றுமை இருக்கிறதே தவிர, இரண்டும் வேறு வேறு உலோகம்.

சாப்பிடத் தட்டு வேண்டுமென்றால் வழி இருக்கிறது. நீங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே தொனலாவில் அதிகச் சூட்டில் சுடும் பாண்டங்கள் கிடைக்கும். அல்தா தெம்பெராதூரா என்று கேளுங்கள். 1,200 டிகிரிக்கு மேல் போவதால் அதற்குக் காரீயம் தேவையே இல்லை. ஹோர்ஹே வில்மோத் என்ற கலைஞர்தான் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொனலாவில் இதைப் பரப்பினார். விரலால் சுண்டினால் மணி மாதிரி கணீரென்று கேட்கும். குறைந்த சூட்டில் சுட்டது மந்தமாக டொக் என்று கேட்கும்.

"சின் ப்ளோமோ", அதாவது காரீயம் இல்லாதது, என்று எழுதிய பாண்டங்களும் உண்டு. அரசும் தொண்டு அமைப்புகளும் பல ஊர்க் குயவர்களுக்குக் காரீயம் இல்லாத மெருகைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சந்தையில் ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்பி நான் குழந்தைக்குச் சோறு போட மாட்டேன். யார் செய்தது என்று தெரிந்தால் வாங்குவேன், தெரியாவிட்டால் சுவரில் மாட்டுவேன்.

வைகைக்கரை

தட்டுகளை எடுத்துப் பரண்மேல் போட்டாயிற்று. நாளைக் காலையில் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். இந்த இழையைத் தொடங்காமல் இருந்திருந்தால் என்று நினைக்கவே கை நடுங்குகிறது. நன்றி அண்ணா.

பழவேற்காட்டான் (மெக்சிகோ சிட்டி)

ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன், விடுமுறை கிடைத்தால் கைவினை ஊர்களுக்குத்தான் போவேன். சகோதரி, உங்கள் குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான். விலையில் ஆரம்பித்தால் தெளியாது, கண்ணில் ஆரம்பிக்க வேண்டும்.

த்லாகெபாகேயில் பாந்தலெயோன் பாந்தூரோ பெயரில் ஒரு மண்பாண்ட அருங்காட்சியகம் இருக்கிறது. தேசிய மட்பாண்டப் போட்டியில் பரிசு வாங்கியவை அங்கே இருக்கும். பை எதுவும் எடுக்காமல் ஒரு காலை முழுக்க அங்கே செலவிடுங்கள். தொனலாக்காரர் வரையும் கோடு எவ்வளவு மெல்லிசாக இருக்க முடியும் என்று ஒருமுறை பார்த்துவிட்டால், பெதாதிலியோ என்ற அந்தப் பின்னல் கோடுகள் நிரம்பிய தட்டை ஒருமுறை பார்த்துவிட்டால், அந்த 120 பேசோ சூரியன் அச்சில் வார்த்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். 1,800 சொன்ன சூரியனும் அச்சில் வார்த்ததாகவே இருந்திருக்கலாம்! கடையின் விளக்கும் குளிர்சாதனமும் சேர்ந்த விலை அது.

பிறகு தொனலா. வியாழனும் ஞாயிறும் தெருவெல்லாம் சந்தை. வியாழன் போங்கள், கூட்டம் குறைவு. த்லாகெபாகே கடைகளில் இருக்கும் பொருட்களில் பாதிக்கும் மேல் தொனலாவில் செய்து வந்தவைதான், நடுவில் சில கிலோமீட்டர் தூரம்தான். காலை ஒன்பதரைக்குப் போனால் வெயிலுக்கு முன்னால் ஒரு சுற்று வந்துவிடலாம். முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள்.

அங்கே தெரிந்துகொள்ள வேண்டிய சொல் மயோரேயோ, மொத்த விலை. பல கடைகளில் ஆறு அல்லது பன்னிரண்டு எடுத்தாலே அந்த விலை தருவார்கள். ஓரத்தில் நீலக் கோடு போட்ட கனமான ஊதுகண்ணாடி டம்ளர்கள் பார்த்திருப்பீர்கள், பழைய கண்ணாடியை உருக்கிச் செய்வது, உள்ளே குமிழி இருக்கும். அதைத் தனியாக எடுத்தால் ஒரு விலை, டஜனாக எடுத்தால் வேறு விலை. பக்கத்து வீட்டாரோடு கூட்டுச் சேர்ந்து எடுங்கள். அதில் கொதிக்கக் கொதிக்கக் காப்பி ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

இன்னொரு சொல் செகுந்தா. கொஞ்சம் வளைந்தது, வர்ணம் லேசாக வழிந்தது என்று ஒதுக்கியவை. பட்டறை வாசலிலேயே ஒரு மூலையில் கிடக்கும். சுவரில் மாட்டும் பொருளுக்கு அந்தக் குறை கண்ணில் படவே படாது. என் வீட்டில் இருப்பதில் எனக்கு மிகப் பிடித்த இரண்டு தட்டுகள் செகுந்தாதான்.

தொனலாவில் நான் கட்டாயம் வாங்கச் சொல்வது பார்ரோ கனேலோ. இலவங்கப்பட்டை நிற மண், மெருகு பூசாமல் கல்லால் தேய்த்துத் தேய்த்தே மினுக்கியது. மெருகே இல்லாததால் காரீயக் கவலையும் இல்லை. மூடியே குவளையாக இருக்கும் தண்ணீர்க் கூஜா செய்வார்கள். தண்ணீர் ஊற்றினால் முதல் மழையில் எழும் மண்வாசனை வரும், தண்ணீரும் சில்லென்று இருக்கும். மதுரை வெயிலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கணக்குப்பிள்ளை

எனக்கு வேறு கருத்து. ஒரு பெட்டி நிறைய உடையும் சாமான்களை ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? மெக்சிகன் டிசைன் மெத்தையுறை, சுவர்த்தட்டு எல்லாம் இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வீட்டு வாசலுக்கே வருகிறது. நேரில்தான் வாங்குவேன் என்றால், சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள். எல்லா நாட்டுச் சந்தையிலும் அதுதான் நடைமுறை. வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்தாலே ஏற்றித்தான் சொல்வார்கள்.

தறிக்காரர் மகள் (புவெப்லா)

கணக்குப்பிள்ளை அண்ணா, உங்களோடு சண்டை போட வரவில்லை. ஆனால் இதற்குப் பதில் எழுதாமல் என்னால் தூங்க முடியாது.

என் அப்பா சேலம் பக்கத்தில் கைத்தறி நெய்தவர். வீட்டு வாசலுக்கே வந்து, சேலையைப் பிரித்துப் போட்டு, "பவர்லூம்ல இதே பார்டர் முந்நூறு ரூபாய்க்கு வருதே" என்று சொல்பவர்களைப் பார்த்து வளர்ந்தேன். அப்பா பதில் சொல்ல மாட்டார், சேலையை மடிப்பார். கடைசியில் அந்த வாரக் கூலிக்காக அவர்கள் கேட்ட விலைக்கே கொடுத்துவிடுவார். நான் இன்று எந்த நெசவாளரிடமும் பாதி விலை கேட்க மாட்டேன்.

இரண்டு வருடம் முன்பு வஹாக்கா போனேன் (எழுத்தில் ஒக்சாகா என்று பார்த்திருப்பீர்கள்). அங்கே தெயோதித்லான் தெல் வாயே என்ற ஊரில் வீட்டுக்கு வீடு தறி. கம்பளி விரிப்பு நெய்கிறார்கள். நான் போன வீட்டில் ஒரு பாட்டி, கள்ளிச்செடியில் வளரும் கொச்சினீயா பூச்சியைக் காயவைத்து அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். அம்மி என்றுதான் சொல்ல வேண்டும், மெதாத்தே என்று பெயர், குழவியோடு அப்படியே நம் அம்மி. அரைத்த பொடியை உள்ளங்கையில் வைத்து எலுமிச்சை பிழிந்தார், ஆரஞ்சு கலந்த சிவப்பு. சுண்ணாம்பு சேர்த்தார், ஊதா. ஒரே பூச்சியில் அத்தனை நிறம். ஒரு கிலோ சாயத்துக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள் வேண்டும். நீலத்துக்கு அவுரி. அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, எங்கள் தெருவிலும் ஒரு காலத்தில் அவுரிச் சாயம் போட்டார்கள் என்று அப்பா சொல்வார்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொல்கிறேன், நம் வீட்டில் பட்டுக்குச் செய்யும் அதே சோதனைதான். ஓரத்தில் தொங்கும் நூலில் ஓர் இழை கேட்டு வாங்கிப் பற்றவைத்துப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், கையில் பொடியாக உதிரும். செயற்கை நூல் என்றால் உருகி உருண்டையாகக் கெட்டிப்படும். நல்ல நெசவாளர் இதற்குக் கோபப்பட மாட்டார், அவரே செய்து காட்டுவார். விரிப்பைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு பக்கமும் உருவம் ஒரே மாதிரி தெளிவாக இருக்க வேண்டும்.

இணையத்தில் பாதி விலைக்கு வருகிறதே அந்த மெத்தையுறை, அதில் இருக்கும் மானும் சேவலும் இதால்கோ மாநிலத்தில் தெனாங்கோ தெ தோரியா என்ற மலையூரின் ஒத்தோமி பெண்களுடையது. 1960களில் பஞ்சம் வந்து விவசாயம் பொய்த்தபோது, அந்தப் பெண்கள் எம்பிராய்டரியை விற்கத் தொடங்கிக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். அந்த உருவங்களைத்தான் எங்கெங்கோ பாலியெஸ்டரில் அச்சடித்து விற்கிறார்கள். பெரிய ஆடை நிறுவனங்கள்கூட இப்படிச் செய்து, மெக்சிகோவின் பண்பாட்டுத் துறை கடிதம் எழுதிக் கேள்வி கேட்டது. 2022 ஜனவரியில் பூர்வகுடி மக்களின் வடிவங்களைக் காப்பதற்கு இங்கே தனிச் சட்டமே வந்தது. வீட்டு வாசலுக்கு வருவது அவர்களுடைய படம் மட்டும்தான் அண்ணா, அவர்களுக்குக் கூலி போவதில்லை.

கணக்குப்பிள்ளை

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு, இணையத்தில் வாங்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் தங்கை. மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் பேரம் பற்றி ஒரு கேள்வி நிற்கிறது. நகரச் சந்தையில் உட்கார்ந்திருப்பவர் நெசவாளர் இல்லையே? அவர் இடைத்தரகர். நான் 800 கேட்ட இடத்தில் 1,200 கொடுத்தால் அந்த 400 நெய்தவருக்கா போகப் போகிறது? வாங்குபவர் கையில் 6,000 பேசோதான் இருக்கிறது. அவரும் சம்பளக்காரர்தான்.

பழவேற்காட்டான்

நியாயமான கேள்வி. நான் கற்றுக்கொண்டது இது: "உஸ்தெத் லோ ஆசே?" என்று கேளுங்கள். நீங்களா செய்கிறீர்கள் என்று பொருள். செய்தவர் என்றால் அடுத்த பத்து நிமிடம் பேச்சு நிற்காது. கையைக் காட்டுவார், எந்த மண், எந்த மரம், எத்தனை நாள் என்று சொல்வார், கைப்பேசியில் பட்டறைப் படம் காட்டுவார். அவரிடம் பேரம் வேண்டாம். பணம் போதவில்லை என்றால், "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் சின்னதாக ஏதாவது இருக்கிறதா" என்று கேளுங்கள். எப்போதும் இருக்கும். இடைத்தரகர் என்றால் "என் குடும்பம் செய்கிறது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார், கடையில் ஐந்து மாநிலப் பொருளும் கலந்து கிடக்கும். அங்கே தாராளமாகப் பேசுங்கள். மூன்று எடுத்தால் என்ன விலை என்று கேட்டால் தானாகக் குறையும்.

விலை நிலவரம் தெரிய வேண்டுமென்றால் ஃபோனார்த் கடை. 1974-இல் அரசு தொடங்கிய கைவினை வளர்ச்சி நிதியத்தின் கடை, நிலையான விலை. மெக்சிகோ சிட்டிக்கு வருபவர்கள் முதலில் அங்கே விலையைப் பார்த்துவிட்டு, பிறகு பால்தெராஸ் மெட்ரோ பக்கத்தில் லா சியுதாதேலா சந்தைக்குப் போகலாம். எல்லா மாநிலச் சரக்கும் ஒரே கூரையின்கீழ் இருக்கும், வெளிநாட்டில் அச்சடித்த சரக்கும் நடுநடுவே இருக்கும். கண் பழகியிருந்தால் அங்கே ஒரு நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

ஒரு சின்ன விஷயம், இழைக்கு வெளியே போவதற்கு மன்னியுங்கள். இங்கே கழுத்தில் கட்டும் பூப்போட்ட சிவப்புக் கைக்குட்டைக்குப் பாலியாகாத்தே என்று பெயர். எங்கள் பழவேற்காட்டைப் போர்த்துகீசியர் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார்கள். சோழமண்டலக் கரைத் துணி மணிலா போய், அங்கிருந்து அகாபுல்கோ கப்பலில் இங்கே இறங்கியது. 1565-லிருந்து 1815 வரை அந்தக் கப்பல் ஓடியது. கைக்குட்டையின் பெயர் எங்கள் ஊர்ப் பெயரிலிருந்து வந்தது என்று விளக்கம் சொல்வார்கள். சந்தையில் முப்பது நாற்பது பேசோதான். ஊருக்குப் போகும்போதெல்லாம் பத்து வாங்கிக்கொண்டு போய் எங்கள் தெருவில் கொடுப்பேன்.

ஹூஸ்டன் சித்தி

நான் டெக்ஸாஸில் இருப்பவள். எல்லை தாண்ட முடியாதவர்களுக்கு சான் ஆன்டோனியோவில் மார்க்கெட் ஸ்கொயர் இருக்கிறது, மெக்சிகோ சாமான்களுக்கென்றே பெரிய சந்தை. விலை கூடுதல்தான், ஆனால் பார்த்துப் பழக நல்ல இடம்.

இரண்டு அனுபவம் சொல்கிறேன், மற்றவர்களுக்குப் பயன்படட்டும்.

முதலாவது அலெப்ரிஹே, அந்த வர்ண வர்ண மிருகங்கள். மெக்சிகோ சிட்டியில் பெத்ரோ லினாரெஸ் என்ற காகிதப் பொம்மைக் கலைஞர் 1936-இல் காய்ச்சலில் கிடந்தபோது கனவில் கண்டவை. விழித்தெழுந்து காகிதத்தைப் பசையில் நனைத்து ஒட்டிச் செய்தார், நம் காகிதக்கூழ் கொலு பொம்மைக்கு உறவு என்று சொல்லலாம். வஹாக்கா பக்கம் அர்ராசோலா, சான் மார்த்தின் தில்காஹேத்தே ஊர்களில் பிறகு கோபால் (copal) என்ற மரத்தில் செதுக்க ஆரம்பித்தார்கள். நான் ஒரு மர ஆமை வாங்கி வந்து ஷோகேஸில் வைத்தேன். மூன்று மாதம் கழித்துக் கீழே மாவு மாதிரி தூள். வண்டு! பக்கத்திலிருந்த என் மாமியாரின் பழைய மரப்பாச்சியையும் துளைத்துவிட்டது. கோபால் மரத்துக்கு இந்தத் தொல்லை உண்டு. வாங்கும்போது ஊசிமுனைத் துளை இருக்கிறதா என்று அடிப்பக்கம் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள், பிறகுதான் மற்ற மரச் சாமானோடு சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு கடையில் அசல் தலவேரா, அதாவது கையால் வர்ணம் தீட்டிய புவெப்லா மட்பாண்டம், என்று சொல்லி ஒரு பூச்சாடிக்கு நிறையப் பணம் வாங்கினார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் பூவின் ஓரத்தில் ஸ்டிக்கர் மடிப்பு. கையால் வரைந்ததே இல்லை. பணம் போனதைவிட, இரண்டு வருடம் அதை எல்லோருக்கும் பெருமையாகக் காட்டினேனே என்பதுதான் இன்னும் வலிக்கிறது.

சுடுமண்

சித்தி, தலவேரா பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய, இதில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மெக்சிகோவில் அசல் தலவேரா புவெப்லாவிலும் அதைச் சுற்றிய சில ஊர்களிலும் த்லாஸ்கலா மாநிலத்திலும் மட்டும்தான். 1990களில் அதற்குப் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது, நம் காஞ்சிபுரம் பட்டுக்கு இருப்பது மாதிரி. 2019-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. இரண்டு வகை மண்ணைக் கலந்து பல மாதம் பதப்படுத்தி, முதல் சூடு, பிறகு வெள்ளை மெருகு, அதன்மேல் தூரிகையால் வர்ணம், மறுபடி சூடு. அந்த வெள்ளை வருவதே வெள்ளீயத்தால்தான். சுத்த வெள்ளையாக இருக்காது, பாலேடு நிறத்தில் இருக்கும். விரலால் தடவினால் நீலம் லேசாகப் புடைத்து நிற்கும். அடியில் பட்டறையின் பெயர் கையால் எழுதியிருக்கும், சான்றளித்ததற்கான அடையாளமும் இருக்கும். புவெப்லாவில் 1824-இலிருந்து நடக்கும் உரியார்த்தே பட்டறையில் வேலை நடப்பதையே பார்க்கலாம். 6,000 பேசோ வைத்துக்கொண்டு அங்கே ஒரு பெரிய சாடி வாங்க முடியாது. ஓர் ஓடு, சின்னக் கிண்ணம் என்றால் முடியும்.

சந்தைகளில் தலவேரா என்று விற்பதில் பெரும்பகுதி குவானஹுவாத்தோ மாநிலத்தின் தொலோரெஸ் இதால்கோ ஊரிலிருந்து வருவது. அதை நான் போலி என்று சொல்ல மாட்டேன். அங்கேயும் பெண்கள் உட்கார்ந்து தூரிகையால்தான் வரைகிறார்கள், ஊரே அந்தத் தொழிலில் வாழ்கிறது. மயோலிகா என்று அதன் பெயரிலேயே கேட்டு வாங்குங்கள். சுவர் ஓடு, கதவு எண், கண்ணாடிச் சட்டம், பூந்தொட்டி, இவற்றுக்கு அதைவிட மலிவாக, நிறைவாக எதுவும் கிடையாது. தலவேரா விலை கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். சித்திக்கு நடந்தது மூன்றாவது வகை, ஒட்டுப்படம். பூதக்கண்ணாடி வேண்டாம், ஒரே மாதிரி இரண்டு தட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கை வரைந்தது என்றால் இரண்டு பூவும் ஒன்றுபோல இருக்கவே முடியாது.

கறுப்பு மண்பாண்டம் பிடித்திருந்தால் அதுவும் வஹாக்காதான், சான் பார்த்தோலோ கோயோத்தெபெக். தோஞா ரோசா என்ற அம்மா 1950களில் சுடாத மண்ணைக் குவார்ட்ஸ் கல்லால் தேய்த்து மினுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு அது சாம்பல் நிறத் தண்ணீர்க் குடம். மினுக்கியதைக் குறைந்த சூட்டில் எடுப்பதால் தண்ணீர் நிற்காது, காய்ந்த பூ வைக்கலாம்.

புதுவரவு_கேள்வி

சந்தையில் பழைய ஆஸ்டெக் சிலை, தோண்டியெடுத்தது என்று ரகசியமாகக் காட்டினார்கள். வாங்கலாமா?

பழவேற்காட்டான்

வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் புதிதாகச் செய்து மண்ணில் புதைத்து எடுத்ததாக இருக்கும். உண்மையிலேயே பழையது என்றால் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தேசத்தின் சொத்து, நாட்டைவிட்டுக் கொண்டுபோவது குற்றம். நகல் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பவரிடம் நகலாகவே வாங்குங்கள். ஆமையோட்டு நகை, கருப்புப் பவளம் இவற்றையும் தொடாதீர்கள்.

வைகைக்கரை

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் மகள்: ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. அளவு கொஞ்சம் இருக்கிறது, சிகிச்சை தேவைப்படும் அளவு இல்லை என்றார் மருத்துவர். தட்டை நிறுத்தியது நல்லது, மூன்று மாதம் கழித்து மதுரையில் மறுபடி பார்க்க வேண்டும், இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள சாப்பாடு கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். சுடுமண் அண்ணா, இந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சொன்னபடி முதலில் அருங்காட்சியகம் போனேன். அடுத்த வியாழன் தொனலா. முதல் சுற்று வெறுங்கையோடு. கஷ்டமாகத்தான் இருந்தது!

நீலக் கோட்டு டம்ளர் பன்னிரண்டு, பக்கத்து வீட்டு அம்மாவோடு பாதிப் பாதி, என் பங்கு 270. தகரத்தில் பூ தட்டிய சின்னக் கண்ணாடிச் சட்டம் 380, ஒரு மூலை வளைந்த செகுந்தா. இதால்கோவிலிருந்து வந்து விற்ற ஒரு பெண்ணிடம் தெனாங்கோ மெத்தையுறை இரண்டு, 900. பேரம் பேசவில்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், தையல் கையால் போட்டதுதான். எந்த மிருகம் என்ன என்று என் மகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அறுத்த காகிதத் தோரணம் ஐந்து சரம், 150. விராரிக்கா என்ற பூர்வகுடி மக்களின் மணிவேலையில் கையளவு மான் தலை, 650. மெழுகு பூசிய மரத்தில் ஊசிமுனையால் ஒவ்வொரு மணியாக அழுத்துவதை எங்கள் முன்னாலேயே செய்து காட்டினார் அந்த அண்ணன். மகள் அரை மணி நேரம் அசையாமல் நின்றாள்.

பிறகு மிலாக்ரோ பதித்த மர இதயம், 260. சின்னச் சின்ன உலோகக் கை, கால், கண் எல்லாம் ஆணியடித்திருக்கும். உடம்பு குணமானால் இங்கே கோவிலில் புனிதர் சிலைக்குக் குத்துவார்களாம். சமயபுரத்தில் என் அம்மா எனக்காகக் கண்மலர் வாங்கிப் போட்டது ஞாபகம் வந்தது. மகளுக்காக வேண்டிக்கொண்டே வாங்கினேன், அது பூஜை அறைக்குத்தான் போகும்.

பார்ரோ கனேலோ கூஜா 420. செய்தவர் எழுபது வயதுப் பெரியவர். "உஸ்தெத் லோ ஆசே?" என்று கேட்டேன், கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தேய்க்கும் கல்லைக் காட்டினார். தாத்தாவிடமிருந்து வந்த கல்லாம். நடுவே ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

மொத்தம் 3,030 பேசோ. மீதி 2,970 கையில் இருக்கிறது. தறிக்காரர் மகள் அக்கா, உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து தெயோதித்லான் விரிப்பு மேல்தான் மனம். இங்கே ஒரு கடையில் பார்த்தேன், நூலைக் கொளுத்தினால் உருண்டையாகிவிட்டது. வஹாக்கா போக எங்களுக்கு நாள் இல்லை. வேறு வழி இருக்கிறதா?

ஹூஸ்டன் சித்தி

கூஜாவுக்குள் உள்பாவாடை, துண்டு என்று இறுக்கமாகத் திணித்து, வெளியே மெத்தையுறையைச் சுற்றுங்கள். பெட்டியின் நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் வேண்டாம். மூடிக் குவளையைத் தனியாகக் கைப்பையில் வையுங்கள்மா. டம்ளருக்கு உள்ளே காலுறை.

தறிக்காரர் மகள்

வரும் சனிக்கிழமை நாங்கள் குடும்பத்தோடு வஹாக்கா போகிறோம், புவெப்லாவிலிருந்து பேருந்தில் ஐந்து மணி நேரம்தான். அந்தப் பாட்டி வீட்டுக்கே போவேன். அறுபதுக்கு நூறு சென்டிமீட்டர் அளவில் கொச்சினீயாவும் அவுரியும் போட்டது உங்கள் பணத்துக்குள் வரும் என்று நினைக்கிறேன். மூன்று நான்கு விரிப்பின் படம் அனுப்புகிறேன், நீங்களே தேர்ந்தெடுங்கள். அங்கிருந்தே உங்கள் முகவரிக்குப் பார்சல் போட்டுவிடலாம், விரிப்பு உடையாது. சுவரின் நிறம் மட்டும் சொல்லுங்கள்.

வைகைக்கரை

சந்தன நிறம் அக்கா. சிவப்பு அதிகம் இருக்கட்டும்.